இரண்டாவது அழைப்பு

என் அக்காவின் கணவர் விமானம் ஓட்டுகிறவர் என்று சொன்னால், கேட்டவர்கள் உடனே "கேப்டனா?" என்பார்கள். கல்யாணமான புதிதில் அக்கா, "இன்னும் ஆகலை, ஆயிடுவார்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சில வருஷம் கழித்து, "அடுத்தது அவர்தான்" என்றாள். அதற்கும் பிறகு யாராவது கேட்டால் அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லி எழுந்து போய்விடுவாள். அத்தான் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் துணை விமானி. காக்பிட்டில் வலது இருக்கை அவருடையது, இடது இருக்கை கேப்டனுடையது. நடுவில் ஒரு கை நீளம்கூட இருக்காது. அந்தக் கை நீளத்தைத் தாண்டிவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த மனிதர் வேறு எதற்கும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவர் முறை வரும்போதெல்லாம் ஏதாவது ஒன்று குறுக்கே வந்து படுத்துக்கொள்ளும். ஒரு தடவை கம்பெனி கைமாறியது, புது முதலாளிகள் தங்கள் ஆட்களை மேலே ஏற்றினார்கள். ஒரு தடவை அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை. இன்னொரு தடவை ஏன் தள்ளிப்போனது என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவே இல்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் கேப்டனாகி, அவருக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன சார், கிளம்பலாமா?" என்று கேட்டார்கள். ஓய்வறையில் 'நிரந்தரத் துணை' என்று அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். எனக்குத்தான் வயிறு எரியும்.

நான் அதே கம்பெனியின் பயிற்சிக்கூடத்தில் சிமுலேட்டரைப் பார்த்துக்கொள்கிறவன். சிமுலேட்டர் என்றால் பறக்காத விமானம். வெளியிலிருந்து பார்த்தால் இரும்புக் கால்களில் நிற்கும் ஒரு வெள்ளைப் பெட்டி, உள்ளே போனால் அச்சு அசல் காக்பிட். விமானியின் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்ன மேசை போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். இன்ஜினில் தீ, பறவை மோதல், பனிமூட்டம் எல்லாம் அங்கிருந்து நான் அனுப்பிவைப்பவை. சம்பளம் வாங்கிக்கொண்டு கெடுதல் செய்கிறவன் நீ ஒருத்தன்தான் என்று அக்கா என்னைக் கேலி செய்வாள்.

இரண்டு பேர் ஓட்டும் விமானத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் எதைச் செய்தாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மற்றவர் தன் கண்ணால் பார்த்துவிட்டு, "பாத்தாச்சு" என்று பதில் சொல்ல வேண்டும். சக்கரத்தை இறக்கினாலும் சரி, ஒரு குமிழைத் திருப்பினாலும் சரி, சொல்லாமல் செய்யக் கூடாது, பார்க்காமல் பதில் சொல்லக் கூடாது. அத்தான் இதை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். "கேஸ் மூடியாச்சு!" என்று சமையலறையிலிருந்து குரல் கொடுப்பார். அக்கா எந்த மூலையில் இருந்தாலும் எழுந்து வந்து, குமிழைப் பார்த்து, "மூடியிருக்கு" என்று சொல்ல வேண்டும். வாசல் பூட்டுக்கும் அதேதான், இஸ்திரிப் பெட்டிக்கும் அதேதான். "இது என்ன வீடா, ஏர்போர்ட்டா?" என்று ஆரம்பத்தில் அக்கா சண்டை போட்டாள். பிறகு அவளுக்கே அது பிடித்துப்போனது. "எனக்குத் தலை வலிக்குது" என்பாள். அவர் வந்து நெற்றியில் கை வைத்துப் பார்த்து, மிகவும் பொறுப்பாக, "இருக்கு" என்பார். பிள்ளை இல்லாத வீடு. ஆனாலும் நாள் முழுக்க அங்கே இரண்டு குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அப்படி இருக்கும்போதுதான் ஒற்றை விமானி ஏற்பாடு வந்தது. விமானத்தில் இனிமேல் ஒருவர்தான். அவருக்குத் துணை தரையில் இருக்கும். ஜன்னல் இல்லாத ஒரு பெரிய அறையில், திரைகளுக்கு முன்னால் ஆபரேட்டர்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பல விமானங்களைக் கவனிப்பார். விமானிக்கு உதவி வேண்டுமென்றால் ஹெட்போனில் பேசுவார். விமானி மயங்கி விழுந்துவிட்டால், தரையில் இருந்தபடியே விமானத்தை எடுத்துக்கொண்டு இறக்குவார். அதற்கென்று மூடி போட்ட ஒரு சிவப்புப் பொத்தான் அவர் மேசையில் இருக்கும். மயங்கிவிட்டார் என்று எப்படித் தெரியும்? இரண்டு முறை கூப்பிட வேண்டும். இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் விமானி இல்லை என்று எடுத்துக்கொண்டு பொத்தானை அழுத்த வேண்டும். காக்பிட்டில் கேமரா வைக்கலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. விமானிகள் சங்கம் அடம்பிடித்து அதைக் கைவிட வைத்தது. அன்றைக்கு அதை வெற்றி என்று கொண்டாடினோம்.

கூட்டம் போட்டு மேலாளர் சொன்னார்: "யாருக்கும் வேலை போகாது. இனிமே துணை விமானின்னு ஒருத்தரே கிடையாது. தேர்வுல பாஸ் பண்ற எல்லாருமே கேப்டன்." எல்லோரும் கைதட்டினார்கள். அத்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கைதட்டினார். வருஷக்கணக்கில் வரிசையில் நின்றவருக்கு, வரிசையையே கலைத்துவிட்டு உள்ளே வா என்று சொன்ன மாதிரி இருந்திருக்கும். சிமுலேட்டரிலிருந்து வலது இருக்கையைக் கழற்றி எடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கழற்றியபோது அடியில் ஒரு பேனா மூடியும் சில்லறைக் குப்பையும் கிடந்தன. தரையில் போல்ட் துளைகள் மட்டும் மிஞ்சின.

தேர்வுக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தேறாவிட்டால் பறக்கிற வேலை அதோடு சரி. அத்தானின் வயதுக்கு வேறு எந்தக் கம்பெனியும் கதவைத் திறக்காது.

பயிற்சியில் ஒவ்வொரு விமானிக்கும் ஒரு தரை ஆபரேட்டரை ஜோடி சேர்த்தார்கள். அத்தானுக்கு வந்தவர் முன்பு கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை பார்த்த அம்மா. நாங்கள் அவரை டவரம்மா என்போம். கோபுரத்தை மூடிவிட்டு அவரை இங்கே அனுப்பியிருந்தார்கள். அவருக்கும் இந்தத் தேர்வு தேறினால்தான் பிழைப்பு. கோபுரத்தில் அவர் கற்ற முதல் பாடம், விமானத்திலிருந்து எந்தக் குரல் வந்தாலும் உடனே "ரோஜர்" சொல்லி, கேட்டதைத் தெரியப்படுத்துவது. தும்மினால்கூட ரோஜர் சொல்லிவிடுவார் என்று வகுப்பில் கிண்டல் உண்டு. அவர் சொல்வார், அத்தான் சொல்வார், இருவருக்கும் நன்றாகவே ஒத்துப்போனது. எனக்கும் நம்பிக்கையாகத்தான் இருந்தது.

முதல் தேர்வன்று அத்தான் இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்து பட்டையை மாட்டினார். பயிற்சித் தலைவர், நாங்கள் வாத்தியார் என்று கூப்பிடுகிறவர், என் பக்கத்தில் நின்றார். அத்தானைவிட வயதில் சிறியவர். விமானம் மேலே ஏறியதும் வாத்தியார் எனக்குத் தலையசைத்தார். நான் இடது இன்ஜினுக்குத் தீ வைத்தேன். மணி அலறியது, விளக்கு எரிந்தது.

துணை விமானியாக இருந்த காலம் முழுக்க, இந்த மாதிரி நேரத்தில் அத்தான் செய்தது ஒன்றுதான். ஓட்டும் பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டு, இடது பக்கம் கேப்டனைப் பார்த்துத் திரும்பி, "கண்ட்ரோல் உங்ககிட்ட" என்பார். கேப்டன் வாங்கிக்கொள்வார். இப்போதும் கையை எடுத்தார். இடது பக்கம் திரும்பினார். அங்கே ஜன்னல் இருந்தது. ஜன்னல் கண்ணாடியைப் பார்த்து, தெளிவான குரலில், "கண்ட்ரோல் உங்ககிட்ட" என்றார்.

கீழ்த்தள அறையில் திரைக்கு முன்னால் இருந்த டவரம்மாவுக்கு ஒரு குரல் கேட்டது. பழக்கம் விடுமா? "ரோஜர்" என்றார். கேட்டேன் என்பதற்குச் சொன்னார், அவ்வளவுதான். பேசுகிறவர் மயங்கவில்லை, அதனால் பொத்தான் பக்கம் அவர் கை போகவே இல்லை. ஆனால் அத்தானுக்கு, சொன்னோம், பதில் வந்துவிட்டது, வேலை கைமாறிவிட்டது. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விமானம் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கியது. யாருமே ஓட்டவில்லை. இருவரும் அவரவர் கற்றதை அணுவளவும் பிசகாமல் செய்துகொண்டிருந்தார்கள். என் மேசைத் திரையில் தரை பெரிதாகிக்கொண்டே வந்து, பிறகு திரை கறுத்தது.

விளக்கைப் போட்டதும் வாத்தியார் மெதுவாகக் கேட்டார்: "சார், கண்ட்ரோலை யார்கிட்ட குடுத்தீங்க?"

அத்தான் ஜன்னலைப் பார்த்தார். பிறகு போல்ட் துளைகளைப் பார்த்தார். "யாரோ இருந்த மாதிரி இருந்துச்சு சார்" என்றார்.

இருவருக்கும் தோல்வி. அன்று மாலை ஓய்வறையில் யாரோ, "நிரந்தரத் துணை ஜன்னலுக்கே கேப்டன் பதவி குடுத்துட்டாராமே" என்று சொல்ல, சிரிப்பு எழுந்தது. நான் போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன், அத்தான் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

வாத்தியார் கெட்டவர் இல்லை. அடுத்த தேர்வுக்கு முன்னால் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு வைத்தியம் சொன்னார். டவரம்மாவிடம், "கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லாதீங்க. விதி என்னவோ அதை மட்டும் செய்யுங்க. இரண்டு தடவை கூப்பிடுங்க, பதில் இல்லேன்னா அழுத்துங்க, யோசிக்காதீங்க" என்றார். அத்தானிடம், "பக்கத்துல ஆள் இல்ல சார். அதை உடம்பு நம்பணும். செய்யறதையெல்லாம் மனசுக்குள்ள சொல்லிக்குங்க, மனசுக்குள்ளயே பதிலும் சொல்லிக்குங்க. வாய்க்கு வரவே கூடாது" என்றார். இரண்டுமே நல்ல யோசனைகள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அத்தான் வீட்டில் பயிற்சி செய்தார். சாப்பாட்டு மேசை நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் பறப்பார். வலது பக்கத்து நாற்காலியை எடுத்து மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டார். அக்கா சாப்பிட உட்காருவதானால் எதிரில்தான் உட்கார வேண்டும். கேஸை மூடுவார், வாயைத் திறக்க மாட்டார். பூட்டைப் பூட்டுவார், அதற்கும் சத்தம் வராது. குரல் வரும் வரும் என்று கூடத்தில் காத்திருந்துவிட்டு, அக்கா தானே எழுந்து போய்க் குமிழைப் பார்த்து, யாருக்கும் கேட்காமல், "மூடியிருக்கு" என்று சொல்லிக்கொள்வாள். ஒரு நாள் நான் போயிருந்தபோது அதைப் பார்த்தேன்.

"என்னக்கா இது, பைத்தியக்காரத்தனம்?" என்றேன்.

"கொஞ்ச நாளைக்குத்தான்டா. பேசாம இருக்கறதுதான் இப்ப பரீட்சை. பாஸ் ஆயிட்டா பழையபடி பேசுவார்."

"உனக்குக் கஷ்டமா இல்லையா?"

"இருக்கு. நெத்தியைத் தொட்டுப் பாத்து அதைச் சொல்லத்தான் ஆளைக் காணோம்" என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. "ஒரே ஒரு நாள் அந்த இடது சீட்டுல உக்காந்துட்டு வரட்டும்டா. அது போதும் அவருக்கு. வேற எதுவும் நான் கேக்கலை."

இரண்டாவது தேர்வு வந்தது. இதுதான் கடைசி. அத்தான் சட்டையை அக்கா இஸ்திரி போட்டுக் கொடுத்திருந்தாள். வாத்தியார் என் பக்கத்தில் நின்றார். தேர்வு நடக்கும்போது பின்னால் இருப்பவர்கள் மூச்சுக் காட்டக் கூடாது. காட்டினால் தேர்வில் இருப்பவருக்குத் தோல்வி.

வாத்தியார் தலையசைத்தார். நான் மறுபடியும் தீ வைத்தேன். மணி அலறியது. அத்தானின் கைகள் பிடியை விட்டு எழவில்லை. தலை இடது பக்கம் திரும்பவில்லை. எரிகிற இன்ஜினை அணைத்தார், எரிபொருளை நிறுத்தினார், விமானத்தை நேராக்கினார், திரும்பி வருவதற்கு வளைத்தார். எத்தனையோ கேப்டன்களை அதே பெட்டிக்குள் நான் பார்த்திருக்கிறேன். இவ்வளவு நிதானமாக ஒருவரும் ஓட்டி நான் பார்த்ததில்லை. என் கண் நிறைந்துவிட்டது. வாத்தியார் என் தோளைத் தட்டினார்.

அப்போது ஹெட்போனில் டவரம்மாவின் குரல் வந்தது. "பைலட், தரையிலேருந்து பேசறேன். கேக்குதா?"

அத்தான் தலையை ஆட்டினார்.

நான் பின்னாலிருந்து பார்த்தேன். வாத்தியாரும் பார்த்தார். கேட்டது என்பதற்கு அடையாளமாக, மரியாதையாக, அழகாகத் தலையை ஆட்டினார். உதடு பிரியவில்லை. கேமரா வராததைக் கொண்டாடியவர்கள் நாங்கள். தரையில் இருந்தவருக்கு அந்தத் தலையாட்டல் எப்படித் தெரியும்?

சொல்லுங்க அத்தான், சொல்லுங்க என்று எனக்குள் கிடந்து துடித்தது. நான் வாயைத் திறந்தால் அவருக்குத் தோல்வி. நாக்கைக் கடித்துக்கொண்டேன். வாத்தியாரின் கை என் தோளிலேயே இறுகியது.

"பைலட்... சார். கேக்குதா சார்?"

விதியில் 'சார்' கிடையாது. டவரம்மா அதைத் தானாகச் சேர்த்திருந்தார். அத்தான் மறுபடியும் தலையை ஆட்டினார். சக்கரத்தை இறக்கக் கையை நீட்டினார்.

பொத்தான் அழுந்தியது. காக்பிட்டில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. "கண்ட்ரோல் எங்கிட்ட" என்றார் டவரம்மா. அத்தான் கையில் இருந்த பிடி செத்துப்போனது. அதன் பிறகும் அவர் விடவில்லை. இழுத்தார், திருப்பினார். விமானம் அவரைச் சட்டை செய்யாமல், தரையில் இருந்தவர் சொன்னபடி வளைந்து, ஓடுபாதையில் மெத்தென்று இறங்கி நின்றது.

விளக்கைப் போட்டார்கள். அத்தான் திரும்பி எங்களைப் பார்த்தார். அவருக்கு எதுவும் புரியவில்லை.

"ஏன் வாங்கிட்டாங்க? எல்லாம் சரியாத்தானே போச்சு?"

"நீங்க பதில் சொல்லலை சார்" என்றார் வாத்தியார்.

"சொன்னேனே."

"இல்ல சார்."

"சொன்னேன் சார். ரெண்டு தடவையும் சொன்னேன். மச்சான், நீ கேட்டியே?"

வாத்தியார் ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். மணிச் சத்தம், ஒற்றை இன்ஜினின் இரைச்சல், டவரம்மாவின் குரல், பிறகு இரைச்சல். மறுபடியும் டவரம்மாவின் குரல், பிறகு இரைச்சல். அத்தான் இன்னொரு தடவை போடச் சொன்னார். காதை ஸ்பீக்கரோடு ஒட்டிவைத்துக் கேட்டார். தன் குரல் அதற்குள் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும் என்று தேடினார்.

"எனக்குக் கேட்டுச்சே" என்றார் கடைசியில். "நான் சொன்னது எனக்கு நல்லா கேட்டுச்சே."

டவரம்மா தேறிவிட்டார். படியேறி மூச்சு வாங்க வந்து அத்தான் முன்னால் நின்றார். "நீங்க நல்லாத்தான் ஓட்டறீங்கன்னு தெரியும் சார். மயங்கினவர் விமானம் அப்படி நேரா போகாது. தெரிஞ்சேதான் அழுத்தினேன். என்னை யோசிக்க வேண்டாம்னு சொன்னாங்க" என்று சொல்லும்போதே அழுதுவிட்டார்.

அத்தான் அவரைப் பார்த்தார். "நீங்க செஞ்சதுதான் சரி" என்றார். அன்று அவர் பேசிய கடைசி வார்த்தை அதுதான். தேர்வு முடிவில் அவருக்கு எதிரே, விமானி செயலிழந்தார் என்று பதிந்தார்கள். அவர் அதே அறையில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போய் நான்தான் அக்காவிடம் சொன்னேன். எப்படித் தோற்றார் என்று விடாமல் கேட்டாள். ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். எத்தனை தடவை கூப்பிட்டார்கள் என்று கேட்டாள். இரண்டு என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை.

கொஞ்ச நாளில் வாத்தியார் வீட்டுக்கே வந்தார். இரக்கப்பட்டுத்தான் வந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "புதுசா தரை ஆபரேட்டர் நிறைய பேர் பயிற்சிக்கு வர்றாங்க சார். மயங்கின பைலட்டை வெச்சுப் பழக்கணும். மெஷினை வெச்சா கண்டுபிடிச்சிடறாங்க. நிஜமா ஓட்டத் தெரிஞ்ச ஒருத்தர் உக்காந்து, பாதியில பதில் சொல்லாம இருக்கணும். நீங்க சரின்னு சொன்னா..."

நான் எழுந்துவிட்டேன். என்னய்யா நினைத்துக்கொண்டிருக்கிறீர் என்று கேட்க வாய் வரை வந்தது. அதற்குள் அத்தான் கேட்டார்.

"இடது சீட்டுதானே?"

"ஆமா சார்."

"வர்றேன்" என்றார்.

அன்றிலிருந்து தினமும் போகிறார். இஸ்திரி போட்ட சட்டை, துடைத்த ஷூ. இடது இருக்கையில் ஏறிப் பட்டையை மாட்டுகிறார். விமானத்தை எடுக்கிறார், மேலே ஏற்றுகிறார். அதுவரை எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்கிறார். நான் மேசையில் ஒரு சின்ன விளக்கைப் போட்டதும் நிறுத்திவிடுகிறார். தரையிலிருந்து புதுப்புதுக் குரல்கள் கூப்பிடுகின்றன. சிலர் பதற்றத்தில் மூன்றாவது தடவையும் கூப்பிட்டுவிட்டு வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். பிறகு பொத்தான் அழுந்தும், பிடி சாகும். முன்பு தலையையாவது ஆட்டினார். இப்போது அதுவும் இல்லை. நான் பின்னால் உட்கார்ந்து அவர் பிடரியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவரைப்போல யாராலும் செய்ய முடியாது என்று வாத்தியார் எல்லோரிடமும் சொல்கிறார். வேலைக்காலம் முழுக்க யாரும் அவரை இப்படிப் புகழ்ந்ததில்லை.

மாடிப்படிக்குக் கீழே கிடந்த நாற்காலியை அக்கா எடுத்து வந்து பழைய இடத்தில் போட்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேச்சு திரும்பி வரும் என்று அவள் காத்திருந்தாள். நானும்தான். கேஸை மூடுகிறார், பூட்டைப் பூட்டுகிறார், எதற்கும் சத்தம் இல்லை. ஏதாவது கேட்டால் சில சமயம் பதில் வருகிறது, சில சமயம் வருவதில்லை. வராதபோது அவர் மனசுக்குள் சொல்லியிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் அங்கே இருந்தேன். அவர் கூடத்தில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அக்கா தட்டை வைத்துவிட்டு, "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டாள். அவர் அசையவில்லை. அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அவரிடம் நடந்தாள்.

"காதுல விழலை போல இருக்கு. இன்னொரு தடவை கூப்பிடேன்க்கா" என்றேன்.

அவள் வேகமாகத் திரும்பி, வாயில் விரலை வைத்து என்னை அடக்கினாள். "வேண்டாம்டா" என்றாள் அடிக்குரலில். "ஒரு தடவையோட நிறுத்திக்கறேன்." பிறகு போய் அவர் தோளைத் தொட்டு எழுப்பிக் கூட்டி வந்தாள். வருஷக்கணக்கில் அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன். அந்தத் தேர்வுக்குப் பிறகு அக்கா அவரை இரண்டாவது தடவை கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை.